ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போவது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மஸ்கட்டிலும் அப்புறம் ஹோ சி மின் நகரத்திலும் ஆங்கிலம் கற்பித்துவிட்டு மதுரைக்குத் திரும்பிய பிறகு, எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். எம்.ஏ. ஆங்கிலம் முடித்த பிள்ளைகள், தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் டீச்சர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து சிலர் என்று பலரும் கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். விசா விஷயங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டை மனதில் வைத்து எழுதியவை. இலங்கைக்கு மாறும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், பணம் கட்டுவதற்கு முன் அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

"டெஃபல், டீசால், செல்ட்டா எல்லாம் ஒண்ணுதானா அக்கா?"

டெஃபல், டீசால் இரண்டும் பொதுப்பெயர்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு அதைக் கற்பிக்கும் துறையை அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் கோர்ஸ் நடத்தலாம், சான்றிதழும் கொடுக்கலாம். செல்ட்டா அப்படியல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு வழங்கும் ஒரு குறிப்பிட்ட சான்றிதழ் அது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டீசால் அதற்கு இணையானது. இங்கிலாந்தின் கல்வித்தகுதி அடுக்கில் இரண்டுமே ஐந்தாம் நிலையில் இருக்கின்றன.

நம் நாட்டிலும் தரமான வழி உண்டு. ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆங்கிலம் கற்பித்தலில் முதுநிலைச் சான்றிதழும் பட்டயமும் அஞ்சல்வழியில் நடத்துகிறது. வளைகுடாக் கல்லூரிகளில் இதன் பெயர் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கிழக்கு ஆசிய மொழிப்பள்ளிகளில் செல்ட்டாதான் சட்டென்று புரியும்.

"செல்ட்டாவுல அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க? ஒரு லட்சத்துக்கு மேல கேக்குறாங்களே!"

சொல்லித் தருவதைவிட உங்களை வகுப்பில் நிறுத்தி நடத்த வைப்பதுதான் அதில் அதிகம். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் நீங்கள் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். இரண்டு வெவ்வேறு நிலை மாணவர்களுக்கு நடத்த வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பை 6 மணி நேரம் கவனிக்க வேண்டும். நான்கு எழுத்துப் பணிகள் உண்டு. முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரத்தில் முடிந்துவிடும், அந்த வாரங்களில் வேறு எந்த வேலையும் ஓடாது. வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகவோ ஆன்லைனிலோ செய்யலாம். சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளரும் உடன் படிப்பவர்களும் உட்கார்ந்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுவார்கள். நம்மூரில் பத்து வருடம் பாடம் எடுத்தவருக்கும் இந்த உட்காரல் கடினமாக இருக்கும். நமக்குப் பழக்கமானது இலக்கணத்தைப் பலகையில் எழுதி விளக்குவது. அங்கே கேட்பது வேறு: மாணவர் எவ்வளவு நேரம் பேசினார், நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள்? "புரிஞ்சுதா?" என்று கேட்காமல் புரிந்ததா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எனக்கு அந்தக் கோர்ஸின் விலை இந்த ஒரு கேள்வியிலேயே திரும்பிவிட்டது.

1962-இல் லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட் தன் இன்டர்நேஷனல் ஹவுஸ் பள்ளிக்கு ஆசிரியர்களைத் தயார்செய்யத் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சியிலிருந்து வளர்ந்ததுதான் இது. நடத்திப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்ற முறை இன்றுவரை மாறவில்லை. சேருவதற்கு முன் ஒரு எழுத்துத் தேர்வும் நேர்முகமும் இருக்கும். மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலையாக அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் உங்கள் ஆங்கிலம் ஐந்தாவதான சி1 நிலையாவது இருக்க வேண்டும்.

"ஆன்லைன்ல 120 மணி நேர டெஃபல் ரெண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கே வருதே, அது போதாதா?"

சில இடங்களில் காகிதக் கணக்குக்குப் போதும். வேலை அனுமதிக்கு "கற்பித்தல் சான்றிதழ் ஒன்று" என்று மட்டும் கேட்கும் நாடுகளில் அதை வைத்துப் போனவர்கள் உண்டு. ஆனால் அதில் ஒரு மாணவர்கூட உங்கள் முன்னால் உட்காரப் போவதில்லை. வீடியோ பார்த்து, சரியான விடையை டிக் செய்து முடிப்பதுதான். "சர்வதேச அங்கீகாரம்" என்று போட்டிருந்தால், யார் அங்கீகரித்தது என்று பாருங்கள். கோர்ஸ் விற்பவர்களே சேர்ந்து ஆரம்பித்த அமைப்புகளின் முத்திரைகள் நிறைய இருக்கின்றன.

கையில் பணம் குறைவு என்றால் கேம்பிரிட்ஜின் டி.கே.டி. என்ற தேர்வை யோசியுங்கள். கற்பித்தல் அறிவைச் சோதிக்கும் தேர்வு அது, பகுதி பகுதியாக எழுதலாம், தேர்ச்சி-தோல்வி கிடையாது, நான்கு தரநிலைகளில் ஒன்று கிடைக்கும். அதிலும் வகுப்பறைப் பயிற்சி இல்லை, ஆனால் பெயர் நம்பகமானது. கூடவே அருகில் ஒரு பள்ளியிலோ ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்திலோ ஓர் ஆண்டு நடத்திவிட்டு அனுபவக் கடிதம் வாங்குங்கள்.

"நான் பி.எட். முடிச்சிருக்கேன். இதுக்கு மேல இதெல்லாம் தேவையா?"

எந்த நாடு என்பதைப் பொறுத்தது. இந்த ஒன்றைத்தான் எல்லாரிடமும் மன்றாடிச் சொல்கிறேன்: முதலில் நாட்டை முடிவு செய்யுங்கள், அப்புறம் கோர்ஸில் சேருங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை விடுகிறார்கள்.

துபாய், மஸ்கட், குவைத், தோஹாவில் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு பி.எட்.டும் பள்ளி அனுபவமும்தான் முக்கியம், செல்ட்டாவைப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். மாலத்தீவிலும் அதேதான். அங்கே பள்ளிப்பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பல காலமாக ஆசிரியர்கள் போகிறார்கள். கல்வி அமைச்சே ஆள் எடுக்கிறது. தலைநகர் மாலேயில் வேலை கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், சில நூறு பேர் மட்டும் வாழும் தீவிலும் போடுவார்கள். அந்தத் தனிமை ஒத்துவருமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓமனில் கல்லூரிகளின் அடிப்படை ஆண்டு (பட்டப்படிப்புக்கு முந்தைய ஆயத்த ஆண்டு) ஆங்கில வகுப்புகளுக்கு எம்.ஏ. ஆங்கிலமோ ஆங்கிலக் கற்பித்தலோ வேண்டும், கல்லூரி அனுபவமும் வேண்டும். அந்த வகுப்புகளுக்கு செல்ட்டா கூடுதல் பலம். பி.எட். மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது.

"டிகிரி இல்லாம போக வழி இருக்கா?"

நேர்மையான வழி மிகக் குறைவு. மேலே சொன்ன நாடுகளிலும் கீழே வரும் நாடுகளிலும் பெரும்பாலும் பட்டம் இல்லாமல் வேலை அனுமதி கிடைக்காது. இலங்கை நண்பர்கள் கவனிக்க: உயர் தேசிய ஆங்கில டிப்ளோமா உள்ளூர் ஆசிரியர் நியமனத்துக்கு உதவும், ஆனால் இளங்கலைப் பட்டம் கேட்கும் நாட்டில் அது டிப்ளோமாதான். முதலில் பட்டத்தை முடியுங்கள்.

"நாம நேட்டிவ் ஸ்பீக்கர் கிடையாதே. எந்த நாடுதான் நம்மள எடுக்கும்?"

இது எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை மறைத்துத்தான் பலர் கோர்ஸ் விற்கிறார்கள்.

தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தில் ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியருக்கு ஒரு சிறு வாசல் இருக்கிறது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். சீனாவிலும் ஆங்கில ஆசிரியருக்கான அனுமதி, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவரா என்று பார்த்துத்தான். 2021 ஜூலையில் தனியார் டியூஷன் தொழிலையே அந்த அரசு இறுக்கிப் பிடித்ததால் முன்பிருந்த வேலைகளும் பெருமளவு போய்விட்டன. கணக்கு, இயற்பியல் போன்ற பாடங்களைச் சர்வதேசப் பள்ளியில் நடத்துபவர்களின் நிலை வேறு.

ஜப்பானில் பள்ளியில் மொழி கற்பிக்கும் விசாவுக்குத் தாய்மொழி நிபந்தனை இல்லை, அந்த மொழிவழியில் 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆங்கிலவழியில் படித்தவர்கள் பள்ளி, கல்லூரி இரண்டிலும் பயிற்றுமொழிச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். தமிழ்வழியில் படித்தவருக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும் இந்த விதி அதைப் பார்ப்பதில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

வியட்நாம் அந்த விஷயத்தில் திறந்த மனதோடு இருக்கிறது. ஆங்கில மையங்களில் பணிபுரிய, பட்டத்தோடு சி1 நிலைக்கான தேர்வு மதிப்பெண்ணும் கற்பித்தல் சான்றிதழும் காட்டினால் தாய்மொழியாளர் அல்லாதவருக்கும் வழி உண்டு. தமிழ்வழியில் படித்து, ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவருக்கு நான் முதலில் சொல்வது இந்த நாட்டைத்தான். தாய்லாந்தும் எடுக்கிறது. அங்கே பள்ளிகள் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்கும், ஆசிரியர் மன்றத்தின் தற்காலிக அனுமதியும் வேண்டும். ஆனால் ஒரே பள்ளியில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் இருப்பதைப் பார்ப்பீர்கள், குறைவான சம்பளம் நமக்கும் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களுக்கும். போகும் முன்பே தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

"'நேட்டிவ் ஒன்லி'ன்னு போட்டிருந்தா அப்ளை பண்ணலாமா?"

விசாவே தராத நாடு என்றால் நேரம் வீண். விசா தரும் நாட்டில், பள்ளி தன் விருப்பத்துக்காக அப்படிப் போட்டிருந்தால், கட்டாயம் அனுப்புங்கள். கூடவே இரண்டு மூன்று நிமிடம் நீங்கள் பாடம் நடத்தும் வீடியோவையும் அனுப்புங்கள். தாய்மொழியை வைத்து ஆசிரியரை ஒதுக்குவது தவறு என்று ஆங்கில ஆசிரியர்களின் அமைப்பான டீசால் சர்வதேசச் சங்கம் 2006-இலேயே அறிக்கை வெளியிட்டது. பெற்றோர்கள் வெள்ளை முகத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று பயப்படும் மையங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பயத்தை உடைப்பது நல்ல வகுப்பு மட்டும்தான்.

ஆங்கிலத்தை நாம் கஷ்டப்பட்டுக் கற்றிருக்கிறோம். எந்த இடத்தில் தடுக்கும் என்று நமக்குத் தெரியும். அரபி பேசுபவர் 'பெப்சி'யில் வரும் ப-வை 'பஸ்'ஸில் வரும் ப-வாகச் சொல்லும்போது, அந்த இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தை வைத்துப் படித்து வளர்ந்த நமக்கு அது உடனே பிடிபடும். வியட்நாமியர் சொல்லின் கடைசி மெய்யை விழுங்குவார்கள், ஜப்பானியருக்கு ரகரமும் லகரமும் கலக்கும். நேர்முகத்தில் இப்படி ஒரு தெளிவோடு பேசினால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

"என் உச்சரிப்புல தமிழ் வாடை அடிக்குதே, அமெரிக்கன் ஆக்சென்ட் கோர்ஸ் போகணுமா?"

வேண்டாம். போலி ஆக்சென்ட் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. நீங்கள் சரிசெய்ய வேண்டியவை வேறு. முதலாவது, சொல்லழுத்தம். ஹோட்டல், டெவலப், கமிட்டி, ஈவென்ட் ஆகியவற்றில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். இரண்டாவது, திராட்சைக் கொடிக்கும் திராட்சை மதுவுக்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்களை நாம் ஒரே மாதிரி சொல்கிறோம், உதட்டைப் பல்லில் வைப்பதும் குவிப்பதும் வேறு வேறு. மூன்றாவது, வேகம். அகராதியில் அழுத்தக் குறியைப் பார்த்து, உங்கள் குரலைப் போனில் பதிந்து கேளுங்கள். சில மாதத்தில் தெரியும்.

விண்ணப்பத்திலும் நம்மூர் வழக்கத்தைக் கொஞ்சம் கழற்றுங்கள். "ரெஸ்பெக்டட் சார்", "டூ த நீட்ஃபுல்", தந்தை பெயர், மதம், திருமண நிலை எதுவும் வேண்டாம். எத்தனை வயது மாணவர்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், என்ன நடத்தினீர்கள் என்பதை எழுதுங்கள்.

"டெமோ கிளாஸ் கேக்குறாங்க. டென்ஸ் எடுக்கட்டுமா?"

பன்னிரண்டு காலங்களையும் அட்டவணை போட்டு விளக்கத்தான் கை போகும். தயவுசெய்து வேண்டாம். ஒரே ஒரு சிறு விஷயம் போதும்: சந்தையில் விலை கேட்பது, நேற்று என்ன செய்தேன் என்று சொல்வது. படமோ பொருளோ காட்டி, சொல்லை அவர்கள் வாயிலிருந்தே வரவழைத்து, ஜோடியாகப் பேசவிட்டு, கடைசியில் இரண்டு தவறுகளைப் பலகையில் எழுதி அவர்களையே திருத்த வையுங்கள். செல்ட்டா பற்றிய பதிலில் சொன்ன கேள்வியையே மதிப்பிடுபவரும் மனதில் வைத்திருப்பார்: யார் அதிகம் பேசினார்?

"சர்டிபிகேட் அட்டஸ்டேஷன் எப்ப ஆரம்பிக்கணும்?"

பட்டச் சான்றிதழை இன்றே ஆரம்பிக்கலாம், போலீஸ் சான்றை ஆரம்பிக்காதீர்கள். பட்டத்துக்கு மாநில அளவில் சரிபார்ப்பு முடிந்து, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று மற்ற நாடுகள் ஏற்கும் சான்று) விழ வேண்டும். ஜப்பான், தென்கொரியா, ஓமன், 2023 நவம்பரிலிருந்து சீனா ஆகியவை அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் உள்ளவை. ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால் அதன் தூதரகத்திலும் முத்திரை வாங்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கும் போலீஸ் சான்றை ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகப் பல இடங்களில் கேட்பார்கள். அதனால் வேலை உறுதியானதும் எடுங்கள். இன்னொன்று: செல்ட்டா பிரிட்டனில் வழங்கப்படும் சான்றிதழ் என்பதால் சில நாடுகள் அங்கேயே அப்போஸ்டில் போட்டு வரச் சொல்லும். பள்ளியிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தமிழர்களுக்கே உரிய தலைவலி இனிஷியல். பட்டத்தில் "எஸ். கார்த்திகா" என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் பின்னால் வரும். வெளிநாட்டு அதிகாரிக்கு இது மூன்று தனித்தனி மனிதர்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி ஆங்கிலத்தில் வையுங்கள். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள், பட்டச் சான்றில் பெயர் அச்சாகும் முன்பே பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புதிதாக செல்ட்டா சேருபவர்கள் பாஸ்போர்ட் பெயரையே அப்படியே கொடுங்கள். இந்த ஒரு காரணத்தால் மாதக்கணக்கில் அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

"ஏஜென்ட் ரெண்டு லட்சம் கேக்குறார். குடுக்கலாமா?"

கூடாது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ரசீது கட்டாயம். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது, அங்கும் பதிந்து வைக்கலாம். இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆங்கில ஆசிரியர் வேலைக்குப் பல இடங்களில் ஏஜென்ட்டே தேவையில்லை. பள்ளிக்கு நேரடியாக எழுதலாம். பள்ளிகள்தான் ஆள் தேடித் தருபவருக்குப் பணம் கொடுக்கும், ஆசிரியர் கொடுப்பதில்லை.

"டூரிஸ்ட் விசால போயிடு, அங்க போய் மாத்திக்கலாம்னு சொல்றாங்க. உண்மையா?"

சில நாடுகளில் அப்படி மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அதற்காக நீங்கள் அப்படிப் போக வேண்டாம். அனுமதி வரும் வரை நீங்கள் செய்வது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் உங்களுக்கு, பள்ளிக்கு அல்ல. சம்பளம் கொடுக்காவிட்டாலும் போய்ச் சொல்ல இடமிருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று பாங்காக்குக்கு வரவழைத்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைத்த கும்பல்களைப் பற்றி 2022-இல் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலையின் பெயர் ஆசிரியர் என்று மாறினாலும் அடையாளங்கள் அவைதான்: டெமோ கேட்காத நேர்முகம், அனுபவத்துக்குப் பொருந்தாத சம்பளம், டிக்கெட் உடனே, பள்ளியின் முகவரி மட்டும் வராது. பள்ளியின் பெயரைத் தேடி, அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரோடு வீடியோவில் பேசாமல் விமானம் ஏறாதீர்கள்.

"கான்ட்ராக்ட்ல எதப் பாக்கணும்?"

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று தனித்தனியாக இருக்கட்டும். விசா, வேலை அனுமதிச் செலவு யாருடையது, விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பள்ளி வைத்துக்கொள்ளும் என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அனுமதிக்காகச் சில நாள் வாங்குவது வேறு, பூட்டி வைப்பது வேறு.

"எனக்கு நாற்பது ஆகுது, குழந்தை இருக்கு. இப்பப் போறது சரியா?"

சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் ஓமன் கல்லூரிகளிலும் நாற்பது என்பது அனுபவத்தின் வயது. சிறுவர் மொழி மையங்கள் இளையவர்களைத் தேடும். குடும்ப விசாவுக்குச் சம்பள வரம்பு இருக்கிறதா, பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணத்தில் சலுகை உண்டா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். சலுகை இல்லையென்றால் சேமிப்பு முழுதும் பிள்ளையின் பள்ளிக்கட்டணத்துக்கே போய்விடும்.

"ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தா இங்க மதிப்பு இருக்குமா?"

சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகள், ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி மையங்கள், நிறுவனங்களில் ஊழியர்களுக்கான மொழிப்பயிற்சி ஆகியவற்றில் நல்ல மதிப்பு உண்டு. அரசு வேலைக்கு அது எண்ணப்படாது. அரசுப் பள்ளிக்கு பி.எட்.டும் அதற்குரிய தகுதித் தேர்வும் வேண்டும், கல்லூரிக்கு நெட் அல்லது செட் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். செல்ட்டா இவை எதற்கும் மாற்றாகாது. அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், போகும் முன் வயது வரம்பைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்பும்போது பணி அனுபவக் கடிதத்தை ஆங்கிலத்தில், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று தேதியோடு, முத்திரையோடு வாங்கி வாருங்கள். பிறகு மின்னஞ்சலில் கேட்டு வாங்குவது மிகவும் சிரமம்.